டாக்டர் பக்தவச்சலத்தின் வலது கை

கால்நடை உதவி சர்ஜன் பக்தவச்சலம் ராயபுரத்து மாட்டாஸ்பத்திரிக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருஷத்தில் அவர் மாட்டைத் தொட்ட தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிடிப்பது, கட்டுவது, ஊசி குத்துவது எல்லாம் கம்பவுண்டர் இக்னேஷியஸின் இலாகா. இக்னேஷியஸ் மாட்டின் வாயைப் பிளந்து நாக்கை இழுத்துக் காட்டுவான். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே பார்த்து "ம்" என்பார். அந்த "ம்"முக்குத்தான் சர்க்கார் சம்பளம் கொடுத்தது.

இதற்கு அவர் சோம்பல் என்று பெயர் வைக்கவில்லை, நிதானம் என்று வைத்திருந்தார். காலையில் ஆஸ்பத்திரி, பிறகு ரிஜிஸ்தர், சாப்பாடு, கொஞ்சம் படுக்கை, நாலு மணிக்குக் காப்பி, கடற்கரை வரை ஒரு நடை. நாலு மணிக்கு மேல் ஒரு மாட்டுக்கு வயிறு உப்பினால் அது அந்த மாட்டின் ஒழுங்கீனம்.

இந்த நிதானத்தின் புகழ் வேப்பேரிக் கல்லூரி வரை எட்டியிருக்க வேண்டும். அங்கே வாத்தியாராக இருந்த பழைய வகுப்புத் தோழர் ஒருவர், கடைசி வருஷ மாணவர்களுக்குச் சனிக்கிழமை ஒரு பிரசங்கம் செய்யும்படி எழுதியிருந்தார். தலைப்பு: "கால்நடை வைத்தியத் தொழிலில் நிறைவும் நிதானமும்." பக்தவச்சலம் பன்னிரண்டு பக்கம் எழுதித் தள்ளிவிட்டார். "நமது தொழிலில் அச்சத்துக்கு இடமில்லை" என்பது ஏழாம் பக்கம். ஆனால் தோழர் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: சொந்தக் கையால் செய்த சிகிச்சை ஒன்றிரண்டைச் சொன்னால் பையன்கள் ரசிப்பார்கள். அங்கேதான் பிரசங்கம் இடித்தது.

செவ்வாய்க்கிழமை காசிமேட்டு மங்கம்மா தன் சிவப்புப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். வீட்டுச் செலவைப் பாதி அந்தப் பசுதான் பார்த்தது. பசுவின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகிற்று. அன்றைக்குப் பார்த்து இக்னேஷியஸ் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அரைநாள் லீவு.

"ரெண்டு நாளா ஒண்ணும் முழுங்கல டாக்டரே. தொண்டையில இன்னாவோ மாட்டிகினு கீது. நானும் கைய வுட்டுப் பார்த்தேன், ஆப்படல."

படித்த முறைப்படி பக்தவச்சலம் கேட்டார். "நாய் ஏதாவது கடித்ததா?"

"அதெல்லாம் கடிக்கல. மோந்துச்சு. ஒரு மாசம் இருக்கும். தோ, இங்க, மூக்காண்ட."

"மோந்து பார்த்ததெல்லாம் நோயில்லை அம்மா" என்று சிரித்துவிட்டு, ரிஜிஸ்தரில் அழகான கையெழுத்தில் "நாய்க்கடி இல்லை" என்று பதிந்தார்.

எட்டிப் பார்க்க ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். சொந்தக் கையால் சிகிச்சை. இதைவிட நல்ல தருணம் வராது. பக்தவச்சலம் கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். பசுவின் வாய்க்குள் வலது கையை மெதுவாக விட்டு, நாக்கின் அடி வரை தடவினார். மாங்கொட்டை இல்லை. துணி இல்லை. ஒன்றும் இல்லை. தொண்டை மட்டும் சூடாக, அசைவில்லாமல் தளர்ந்து கிடந்தது. கையை எடுத்தார். விரல் நுனியிலிருந்து எச்சில் சொட்டியது. கூட்டத்தில் ஒருவன் "பலே கையி" என்றான். விளக்கெண்ணெய் புகட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பிரசங்கத்தில் பதின்மூன்றாம் பக்கத்தை ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலை இக்னேஷியஸ் வேலைக்கு வருகிற வழியில் காசிமேட்டில் மாட்டின் கத்தல் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் சைக்கிளைச் சுவரில் சாத்தவில்லை, கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"சார், அந்த மங்கம்மா மாட்டை யாரு பார்த்தது?"

"நானேதான். ஏன்?"

"அது கொரலே மாறிப்போச்சு சார். கரகரன்னு கத்துது. கம்பத்தை முட்டுது. நாயி கடிச்ச மாடு சார் அது."

"உளறாதே. கேட்டுத்தான் எழுதியிருக்கேன். நாய் மோந்துதான் பார்த்ததாம்."

இக்னேஷியஸ் ரிஜிஸ்தரையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார், அந்தக் குப்பத்துல நாயி கடிச்சுதுன்னு யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. சொன்னா வெசம் ஏறிடும்னு பயம். மோந்துச்சின்னுதான் சொல்வாங்க. மோந்துச்சின்னா கடிச்சுதுன்னுதான் சார் அர்த்தம். நான்தான எப்பவும் கேட்டு உங்களாண்ட சொல்வேன்."

பக்தவச்சலம் "ம்" என்றார். எட்டு வருஷமாக வெளிவந்த "ம்"களில் அது ஒன்றுக்குத்தான் ஒலி வரவில்லை.

"நீங்க கையி கிய்யி வுடலியே சார்?"

அவர் வலது கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அடியில், பென்சில் சீவும்போது பிளேடு கீறிய கோடு ஒன்று இருந்தது. பிரசங்கம் எழுதத்தான் பென்சில் சீவினார். கீறல் எப்போது விழுந்தது, திங்கட்கிழமையா, செவ்வாய் மாலையா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. திங்கள் என்றால் சாவு, செவ்வாய் மாலை என்றால் பிழைப்பு. ஒரு மனிதனின் உயிர் ஒரு பென்சிலில் தொங்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. வெறிநாய் விஷத்தைப் பற்றி மற்றதெல்லாம் போட்டிருந்தது. முதலில் கீறிய இடம் குறுகுறுக்கும். பிறகு தூக்கம் போகும். பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். பிறகு வைத்தியம் இல்லை. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு அவர் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தார்.

கார்பாலிக் சோப்பைப் போட்டுத் தோல் வெளுக்கும்வரை தேய்த்தார். கட்டைவிரல் குறுகுறுத்தது. சோப்பால்தான் என்று சொல்லிக்கொண்டார். நிறுத்தியபின்னும் குறுகுறுத்தது.

"ரிக்‌ஷா கூப்பிடு" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போடுவார்கள். பதினான்கு நாள், பதினான்கு ஊசி. யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ரிஜிஸ்தரில் "நாய்க்கடி இல்லை" என்பதில் கடைசி வார்த்தையை மட்டும் அடித்தால் போதும். இந்த யோசனை ரிக்‌ஷா கல்மண்டபம் திரும்பும்வரை அவருக்கு ஆறுதலாக இருந்தது. அங்கே இன்னொரு நினைவு வந்து அதைக் கெடுத்தது. "நானும் கைய வுட்டுப் பார்த்தேன்" என்று மங்கம்மா சொன்னாளே. மீன் அரிகிற பொம்பிளை கை. அதில் கீறல் இல்லாத இடம் எங்கே இருக்கும்?

ஆஸ்பத்திரி வழி தெற்கே, காசிமேடு வடக்கே. அவர் கொஞ்ச நேரம் ரிக்‌ஷாக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனே தப்பான பக்கம் திரும்பித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. அவன் திரும்பவில்லை. கடைசியில் பக்தவச்சலம்தான் சொல்லவேண்டியிருந்தது.

"காசிமேட்டுக்கு விடு."

"சாமி, இப்போதான ஆஸ்பத்திரின்னே?"

"விடுடா."

பசு குடிசைக்குப் பின்னால் பனங்கம்பத்தில் கட்டியிருந்தது. கத்தல் தெருமுனைக்கே கேட்டது. அது மாட்டின் குரலே இல்லை. யாரோ கிழவன் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பக்தவச்சலத்தைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி வந்தது. கயிறு விண்ணென்று இழுபட்டு, அதை அவருக்கு இரண்டு முழம் முன்னால் நிறுத்தியது. எச்சில் அவர் செருப்பில் தெறித்தது. நேற்று இந்த வாய்க்குள்ளா கை விட்டோம் என்று பார்த்தபடியே நின்றார்.

"யாரு அது, மாட்டாண்ட போவாதே" என்று அடுத்த குடிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"மங்கம்மா எங்கே? உடனே பார்க்கணும். உயிர் போகிற விஷயம்."

"அது ஊசி போட்டுக்கப் போய்கீது. நேத்து சாயங்காலமே ஒண்ணு போட்டுகினு வந்துச்சு. நீ யாரு, பால் பாக்கி குடுக்க வந்தியா?"

பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மங்கம்மா பதினாறாவதாக இருந்தாள். மூச்சு வாங்க வந்து நின்ற டாக்டரைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள்.

"வா டாக்டரே. உன்னிது எத்தினியாவது ஊசி?"

"முதல் ஊசி" என்றார்.

"மொதலா?" அவள் திரும்பினாள். "நான்தான் உன்னாண்ட சொன்னேனே, மோந்துச்சின்னு. நீயும் எழுதிகினே. அப்பால நீயே கைய வுட்டே. சரி, படிச்சவரு, முன்னாடியே ஊசி போட்டுகினு கீறாரு, அத்தொட்டு துணிஞ்சி வுடறாருன்னு நெனச்சேன். உன்னைப் பார்த்துதான் எனுக்கு ரோசனையே வந்திச்சு."

"எனக்கு அர்த்தம் தெரியாது மங்கம்மா."

"எத்தோட அர்த்தம்?"

"நீ சொன்னதோட அர்த்தம். தெரியாமத்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன்."

பக்கத்தில் குந்தியிருந்த துறைமுகக் கூலி ஒருவன் சிரித்தான். மங்கம்மா சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எட்டு வருசமா இங்கதான கீறே நைனா" என்றாள்.

வரிசை நகர்ந்தது. உள்ளே ஒவ்வொருவராகப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி வெளியே வந்தார்கள். ஊசி எவ்வளவு நீளம் என்று பக்தவச்சலம் எட்டிப் பார்த்தார். மாட்டுக்குப் போடுகிற ஊசியைவிடச் சின்னதுதான். ஆனால் அந்த ஊசியின் இந்தப் பக்கத்தில் அவர் நின்றதில்லை.

உள்ளே இருந்த இளம் டாக்டர் பெயரையும் தொழிலையும் கேட்டு எழுதினார். தொழிலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாகரிகமாக மறுபடி குனிந்துகொண்டார்.

"இதைப் போட்டால் நிச்சயம் தப்பிக்கலாமா டாக்டர்?"

"பெரும்பாலும். மூன்று மாதம் ஒன்றும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம்."

"மூன்று மாதம் வரைக்கும்?"

"அதுவரைக்கும் பயப்படலாம்" என்றார் இளம் டாக்டர், சட்டையைத் தூக்கச் சொல்லிக்கொண்டே.

வெளியே வேப்பமரத்தடியில் மங்கம்மா உட்கார்ந்திருந்தாள். பக்தவச்சலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தார்.

"உனக்கு பயமா இல்லையா மங்கம்மா?"

"பயமில்லாமயா. நேத்துலேந்து ஒவ்வொரு மொடக்கு தண்ணியும் எறங்குதான்னு பார்த்து பார்த்துகினு குடிக்கிறேன். எம் பொண்ணு இன்னான்னு கேக்கறா. இன்னான்னு சொல்றது?"

எதிரே மண்பானையும் தகரக் குவளையும் இருந்தன. அவள் எழுந்து மொண்டு, தலையை அண்ணாந்து நாலு வாய் குடித்தாள். பக்தவச்சலம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது. நாலும் இறங்கின.

பிறகு அவள் குவளையை மறுபடி மொண்டு அவரிடம் நீட்டினாள்.

"குடி. நான் பார்க்கறேன்."