நானூறு ஜோடிச் சொற்கள்

அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பதுதான் சிறுசேரியில் ஒன்பது வருஷமாக என் வேலை. 'ஹீல்' என்று காதில் விழுந்தால் அது குதிகாலா, புண் ஆறுவதா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். ஓசை ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் உள்ள நானூறு ஜோடிச் சொற்களை, எது எங்கே வரும் என்ற குறிப்போடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

போன மாதம் டீம் லீடர் ஜோயல் வந்தான். "துர்காக்கா, உன் நோட்டக் குடு. புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அத்தனையையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தேன். விட்டுப்போன முப்பது ஜோடியையும் தேடிச் சேர்த்தேன், பைத்தியக்காரி.

இன்று எங்கள் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள்.

"புதுசா வர்றவங்க எங்கடா கீறாங்க?" என்று ஜோயலைக் கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு கம்ப்யூட்டரைக் காட்டினான். டாக்டரின் குரல் ஓட ஓட, எழுத்துகள் தானாக விழுந்துகொண்டிருந்தன. சந்தேகமான சொல் வந்ததும் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுந்தது. அது நான் எழுதிய வாக்கியம், கமாகூட என்னுடையது.

நின்று கடைசிவரை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.