மூன்று முறை கழுவிய பெட்டி

நீலப் பெட்டியை வெயிலில் திறந்து போட்டுவிட்டு, அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள் இசபெல். ஆகஸ்டு மாதம் இலங்கைக்குப் புறப்படுவதற்கு முன்பு இதே பெட்டியை மூன்று முறை கழுவியிருந்தாள். முதலில் வெறும் தண்ணீர், அடுத்து சோப்புத்தூள், மூன்றாவதாகக் கிருமிநாசினி. அவள் திருத்தங்கலில் ஒரு மருத்துவமனையில் செவிலி; சுத்தம் செய்வதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜிப்பின் பற்களைக்கூட பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தாள். அப்படியும் விமான நிலையத்தில் இயந்திரம் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது. பெட்டியில் பட்டாசு மருந்துக்குப் போடுகிற வெடியுப்பு இருக்கிறது என்றது.

அந்தப் பெட்டியைத் தொட்டவர்களில் வெடியுப்போடு புழங்கியவன் அவள் கணவன் கிறிஸ்துராஜ் ஒருவன்தான். அவன் இறந்து அப்போது பதினேழு மாதம் ஆகியிருந்தது.

எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பிடிபட்டாக வேண்டும். ஜனவரியில் சபையிலிருந்து மறுபடி ஊழியப் பயணம் போகிறார்கள். குழுவுக்குத் தலைவரான டென்னிஸ் வாத்தியார் நேற்று வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“அக்கா, போதகர் சொல்லச் சொன்னாக. புதுப் பெட்டி ஒண்ணு சபையே வாங்கித் தந்துருமாம். இந்தப் பெட்டியத்தான் கொண்டாருவேன்னா, இந்தத் தடவ நீங்க இருந்துக்கிடுங்கன்னு…”

“நீங்க என்ன சொன்னீக?”

“நான் என்னத்தச் சொல்ல? ஞாயித்துக்கிளம சொல்லுவாகன்னு சொன்னேன்.”

அந்தப் பெட்டி கிறிஸ்துராஜ் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று சிவகாசிக் கடைத்தெருவில் அரைநாள் அலைந்து வாங்கியது. இருவர் துணியும் ஒன்றாகக் கிடந்த ஒரே பெட்டி. அதை விட்டுவிட்டுப் போவதற்கு அவளுக்கு மனம் இல்லை. போகாமல் இருக்கவும் மனம் இல்லை. அங்கே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் அவள் ரத்த அழுத்தம் பார்த்துக் கொடுக்க வேண்டிய பெண்கள் காத்திருந்தார்கள்; ஒவ்வொருவர் பெயரும் அவளுக்குத் தெரியும்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு துண்டுத் துணியால் கைப்பிடியையும் ஜிப்பையும் உள்ளங்கையையும் தடவுவார்கள். துணியை உள்ளே செருகினால் இயந்திரம் அதைச் சூடாக்கும். ஒட்டியிருப்பது ஆவியாகும். அந்த ஆவிக்கு மின்னேற்றி ஒரு சின்னக் குழாய்க்குள் ஓட விடும். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் போலத்தான்; ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு நேரத்தில் மறுமுனையைத் தொடும். நேரத்தை வைத்து இயந்திரம் ஆளைக் கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசி போதும்.

இதையெல்லாம் முதல் பயணத்தின்போது ஒரு அதிகாரிதான் விளக்கினார். அந்தப் பயணத்தின் கதை திருத்தங்கல் சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். கிறிஸ்துராஜ் அதை வீட்டுக்கூட்டத்தில் சொன்னான், கல்யாண வீட்டில் சொன்னான், ஒரு துக்க வீட்டில்கூடச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நடந்தது இதுதான். அவன் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் கலவை அறையில் வேலை பார்த்தவன். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் சல்லடையில் போட்டுக் கையால் கலக்குகிற வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் வெள்ளிநிறம் கிடக்கும். பயணத்துக்கு முந்தின நாள் மாலை வரை வேலைக்குப் போனான். மறுநாள் விமான நிலைய வாசலில் இறங்கியதும், எந்தப் பயணத்துக்கு முன்னும் செய்கிற வழக்கப்படி, ஆறு பேரும் வட்டமாக நின்று கைகோத்து ஜெபித்தார்கள். ஜெபம் நீளம். கைகள் வியர்த்தன. ஆமென் சொல்லிவிட்டு ஒருவருக்கொருவர் கைகுலுக்கவும் செய்தார்கள்.

உள்ளே போனதும் முதலில் கிறிஸ்துராஜின் கையைத் தடவினார்கள். சிவப்பு. அடுத்து இசபெல். சிவப்பு. டென்னிஸ் வாத்தியார் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். சிவப்பு. வரிசையில் நின்ற ஆறு பேரும், பாட்டுக்குத் தட்டக் கொண்டுவந்த கஞ்சிராவும், ஒன்று விடாமல் சிவப்பு. காவலர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். டென்னிஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் அவிழ்த்துவிட்டும் பலிக்கவில்லை. கடைசியில் அந்த அதிகாரி கிறிஸ்துராஜின் நகத்தைப் பார்த்தார். “சிவகாசி?” என்றார். “ஆமா சார், பக்கம்” என்றான் அவன். அதிகாரி சிரித்துவிட்டார். சோப்புப் போட்டுக் கைகழுவி வரச்சொல்லி, பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, விமானக் கதவு அடைக்கப் போகிற நேரத்தில் விட்டார்.

“எல்லாரும் பாவிகன்னு போதகர் வாராவாரம் சொல்லுதாக. நாம நம்புனமா? மிசினு வந்து சொல்ல வேண்டியிருக்கு!” என்று கிறிஸ்துராஜ் விமானத்துக்குள் சொன்னபோது, பின் வரிசையில் இருந்த முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்தப் பயணத்தில் அதற்குப் பிறகும் என்னவெல்லாமோ நடந்தது. அங்கே கொடுப்பதற்கென்று மூக்குக்கண்ணாடிகள் எடுத்துப்போன அட்டைப்பெட்டி வேறு ஊருக்குப் போனது. மலைப்பாதையில் வேன் சேற்றில் புதைந்தது. டென்னிஸ் பிரசங்கத்தின் நடுவே பேன்ட்டுக்குள் அட்டைப்பூச்சி ஏறி, அவர் மேடையில் குதித்ததை மக்கள் பரிசுத்த ஆவியின் நிறைவு என்று எடுத்துக்கொண்டு தாங்களும் எழுந்து கைதட்டினார்கள். ஆனால் ஆறு பேரும் சிவப்பான கதைதான் எப்போதும் முதலில் வரும்.

திரும்பி வந்த இரண்டாம் மாதம், பங்குனி வெயிலில், கலவை அறை வெடித்தது. அன்றைக்கு அந்த அறையில் உடன்வேலைக்காரன் சங்கிலிமுத்துவின் முறை. அவன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று லீவு கேட்டிருந்தான். “நீ போலே, நான் பாத்துக்கிடுதேன்” என்று கிறிஸ்துராஜ் உள்ளே போனான். சவப்பெட்டி மூடியபடியே வந்தது, மூடியபடியே கல்லறைக்குப் போனது. இசபெல் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால்தான் ஆகஸ்டு மாதத்தில் இயந்திரம் கத்தியபோது அவள் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். சபைக்காரர்கள் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். “கிறிஸ்துராஜ் அண்ணனும் வந்துட்டாக போல” என்றார் டென்னிஸ். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கு உறைத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இந்த முறை இருந்த அதிகாரி சிரிக்கிற ஆளில்லை. முக்கால் மணி நேரம் பெட்டியைக் கொட்டித் தேடினார்கள். சேலை, பைபிள், ரத்த அழுத்தக் கருவி, முறுக்கு. வேறொன்றும் இல்லை. ஆனாலும் அவள் கையும் சிவப்பு, கைப்பிடியும் சிவப்பு. கடைசி நிமிடத்தில் விட்டார்கள்; குழுவே விமானத்தைத் தவறவிடப் பார்த்தது.

வெடியுப்பைப் பற்றிக் கேட்பதென்றால் ஒரே ஆள்தான் இருந்தான். இசபெல் நாரணாபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

சங்கிலிமுத்து அடக்கத்துக்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதே இல்லை. தெருவில் எதிரே வந்தாலும் சந்துக்குள் திரும்பிவிடுவான். இப்போது அவளைக் கதவருகே பார்த்ததும் எழுந்தவன், உட்காரவும் முடியாமல் நின்றான். அவன் மனைவி குருவம்மாள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வாங்க மதினி. சாப்பிட்டீகளா? குடிக்கக் கலரு, சோடா வாங்கியாரச் சொல்லட்டா?”

“ஒண்ணும் வேண்டாம்மா. தம்பிகிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்.”

“அன்னைக்கு நான்தான் மதினி போயிருக்கணும்” என்றான் சங்கிலிமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

“அதக் கேக்க வரல தம்பி. உக்காருங்க. பெட்டியக் களுவுறதப் பத்திக் கேக்கணும்.”

அவன் குழப்பத்தோடு உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தொழில் பேச்சு வந்ததும் அவன் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது.

“வெடியுப்பு சமையல் உப்பு மாதிரிதான் மதினி. தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிரும். கந்தகம் கரையாது, அலுமினியம் கரையாது. ஆனா மிசினு தேடுறது உப்பத்தான? ஒரு களுவுலயே போயிருக்கும். மூணு தடவ களுவின பெட்டியில பழசு இருக்க வழியே இல்ல.”

“அப்ப அது எப்பிடிக் கத்துச்சு?”

“பழசு இல்லன்னா புதுசு. களுவின பெறகு ஒட்டியிருக்கு. பெட்டி மேல மட்டுமா, ஒங்க கையிலயுமா?”

“கையிலயும்.”

“அப்ப கையில இருந்துதான் பெட்டிக்குப் போயிருக்கு. கையி எங்க போயிட்டு வந்துச்சு? அன்னைக்குக் காலையில என்னென்ன செஞ்சீகன்னு வரிசையாச் சொல்லுங்க.”

நோயாளியிடம் தான் கேட்கும் கேள்வி போலவே இருந்தது அவளுக்கு. வரிசையாகச் சொன்னாள். எழுந்தாள். குளித்தாள். ஜெபம் பண்ணினாள். துணி அடுக்கினாள். ஜிப்பை இழுத்தாள்.

“பெறகு?”

“பெறகு வேன் வந்துச்சு. பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன்.”

“ஜிப்ப இழுத்ததுக்கும் பெட்டியத் தூக்குனதுக்கும் நடுவுல?”

இசபெல் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். சங்கிலிமுத்து மறுபடி கேட்க வாயெடுத்தான். குருவம்மாள் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

“அண்ணன் சட்ட வச்சிருக்கீகளா மதினி?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

இசபெல் தலையசைத்தாள்.

கிறிஸ்துராஜ் இறப்பதற்கு முந்தின நாள் வேலைக்குப் போட்டுவிட்டு ஆணியில் மாட்டியிருந்த பருத்திச் சட்டை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. தினமும் ஒருமுறை எடுப்பாள், இரண்டு கையாலும் முகத்தில் வைத்துக்கொள்வாள், மடித்து வைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை. பயணத்தன்று வேன் வந்து ஹாரன் அடித்த பிறகுதான், பதினைந்து நாள் பார்க்க முடியாதே என்று ஓடிப்போய் எடுத்தாள். அந்தக் கையோடு வந்துதான் பெட்டியைத் தூக்கினாள்.

“துவைக்காத சட்டையா?” என்றான் சங்கிலிமுத்து.

“துவைச்சா வாசம் போயிருமே.”

“அப்ப அதுதான். பருத்தி நூலு இடுக்குல அம்புட்டு உப்பு நிக்கும். அதத் துவைச்சிட்டீகன்னா முடிஞ்சுச்சு மதினி, பெறகு ஒரு மிசினும்…”

“ஏங்க, புத்தி இருக்கா ஒங்களுக்கு?” என்று குருவம்மாள் சீறினாள். “அவுக எதுக்கு வச்சிருக்காக, நீங்க எதச் சொல்லுதீக?”

அவன் வாயை மூடிக்கொண்டான். அடுத்த தெருவில் லோடு ஏற்றும் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

“அப்ப அண்ணன்தான்” என்றான் சங்கிலிமுத்து திடீரென்று. “போன பெறகும் ஒங்களப் போலீசுல மாட்டி விட்டுட்டாகளே மதினி.”

இசபெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. சங்கிலிமுத்துவும் சிரித்தான். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். “காதுகுத்த ஒரு வாரம் தள்ளி வச்சிருக்கலாம் மதினி” என்றான். அவள் எழுந்துபோய் அவன் தலையில் கையை வைத்தாள். வார்டில் எத்தனையோ தலைகளில் வைத்த கைதான். அவன் அடங்கும் வரை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டென்னிஸிடம் பழைய பெட்டியோடுதான் வருவேன் என்றாள். “மறுபடி கத்துச்சுன்னா?” என்றார். “கத்தினா நீங்க ஏறிப் போங்க, நான் வீட்டுக்குத் திரும்பிருதேன்” என்றாள்.

ஜனவரியில் விமான நிலைய வாசலில் வழக்கம்போல் கைகோத்து ஜெபித்தார்கள். உள்ளே அவள் உள்ளங்கையைத் தடவினார்கள், பிறகு கைப்பிடியை, பிறகு ஜிப்பை. துணி உள்ளே போனது. டென்னிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை. காவலர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

“என்னக்கா, மிசினு ரிப்பேரா?” என்றார் டென்னிஸ்.

இசபெல் சிரித்தாள். நடந்துபோய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் வராததற்காகக் கொஞ்ச நேரம் அழுதாள். டென்னிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எப்படிச் சரிபண்ணினாள் என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருத்துவமனையில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். கிறிஸ்துராஜின் சட்டை இறுக மூடிய டப்பாவுக்குள் இருக்க வேண்டும். கிளம்புகிற அன்று அதை முதலில் எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பிறகு டப்பாவை மூடிவிட வேண்டும். அடுத்து தலைக்குக் குளித்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வேறு சேலை கட்ட வேண்டும். பெட்டியைப் புதுத் துணியால் ஈரமாகத் துடைத்து அடுக்குவது கடைசி வேலை. அதன் பிறகு வேன் எத்தனை ஹாரன் அடித்தாலும் டப்பாவைத் திறக்கக் கூடாது.