காடியில் ஊறிய குழல்

ரெய்னோ இரண்டாவது வினிகர்க் காடிப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தபோது, நீராவியில் குளிக்கிற மரக்கொட்டகையான சவுனாவின் கதவு இடிபட்டுத் திறந்தது. ஐலி எந்தக் கதவையும் தட்டுவதில்லை. தோளால் தள்ளுவாள்.

நீளத் தகரத் தொட்டியில் துப்பாக்கிக் குழல் கிடந்தது. நிறுத்தினால் ரெய்னோவின் இடுப்புக்கு வரும். காலையில்கூட அதன்மேல் செம்பழுப்புத் துரு பட்டுத்துணி மாதிரிப் படிந்திருந்தது. இப்போது காடி பட்ட இடமெல்லாம் நுரைத்துக் கழன்று, அடியிலிருந்து வெற்று இரும்பு வெளிறிக்கொண்டு வந்தது.

"ஊறுகாய் போடுறியா?" என்றாள் ஐலி.

"நெறம் சரியா விழல."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

"போன வாரம் திட்டுத் திட்டா இருந்தது."

"அதுக்கு முந்தின தடவை?"

அவர் போத்தலைக் கவிழ்த்தார். காடி குளுகுளுவென்று இறங்கியது.

ஐலி, ரெய்னோவின் மனைவி ஹில்யாவின் தங்கை. ரெய்னோவோடு ஒரே வகுப்பில் படித்தவள். அக்காவைக் கட்டிக்கொண்டதற்காக ஒருவனுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை. அக்கா படுக்கையில் விழுந்ததிலிருந்து இங்கேயே தங்கி, சமையலையும் சண்டையையும் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஓடி ஒளியறதுக்கு நல்ல எடம் பார்த்தே," என்றாள். "எங்கம்மா செத்தப்பக் கடைசியாக் கழுவினது இந்தப் பெஞ்சுல வெச்சுத்தான். தெரியுமில்ல?"

"தெரியும். தண்ணி எடுத்துக் குடுத்ததே நான்தான்."

துரு என்றால் ஊரே விரட்டும். துப்பாக்கித் தொழிலில் குழலுக்குப் பழுப்பு நிறம் கொடுப்பதே அதுதான் என்பதால், விருந்தாளி மாதிரி வருந்தி அழைக்க வேண்டும். குழலில் திராவகத்தைத் தடவி, ஈரக்காற்றில் தொங்கவிட வேண்டும். மறுநாள் கோணித்துணியால் தேய்த்து, மறுபடி தடவித் தொங்கவிட வேண்டும். சனிக்கிழமைக் குளியலின் வெக்கை சவுனாவில் ஞாயிறு முழுக்கத் தங்குமாதலால் துருவுக்கு இதைவிடத் தோதான மாமியார் வீடு கிடையாது. ஒரு வாரத்தில் நிறம் பிடித்துவிடும். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் கழுவித் துருவை நிறுத்தி, எண்ணெய் போட்டால் முடிந்தது. ஏறுவதற்கு ஒரு வாரம் பிடிக்கிற அந்தத் துருவை இறக்குவதற்குக் காடி இருந்தால் ஒரு பொழுது போதும்.

கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலைப் பனியைத் தள்ளுகிற லாரியை ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே ரெய்னோ இந்தத் துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கியிருந்தார். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் கம்பெனிக்காரன் இந்த ஏரிக்கரையில் பீவர் என்ற நீர்விலங்கின் தோலுக்கு மாற்றாகக் கொடுத்த அதே சக்கிமுக்கித் துப்பாக்கி: வால்நட் கட்டை, பக்கவாட்டில் பித்தளைப் பாம்பு, கம்பளிக் கையுறையோடு விரல் நுழைகிற பெரிய விசைவளையம். அவர் செய்வார், ஹில்யா விற்பாள். கோடைதோறும் பழைய காலத்து உடுப்பு போட்டுக்கொண்டு கூடுகிற கூடாரச் சந்தைகளில், கம்பளம் விரித்து அவள் உட்கார்ந்தால் வாங்க வந்தவனுக்குத் தான் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும். துப்பாக்கியை நிறுத்தி, அதன் உயரத்துக்குத் தோலை அடுக்கச் சொல்லித்தான் கம்பெனிக்காரன் விற்றான் என்று ஒரு கதை உண்டு. அது கட்டுக்கதை என்று ரெய்னோவுக்குத் தெரியும், ஹில்யாவுக்கும் தெரியும். வாடிக்கைக்காரனுக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியம் என்ன என்பது அவள் கட்சி.

செப்டம்பரில் டாக்டர் இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். ரெய்னோ வேலையைப் போட்டுவிட்டுக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். தலையணையை நிமிர்த்தினார். நிமிர்த்தியதைச் சாய்த்தார். மூன்றாம் நாள் ஹில்யாவுக்குப் பொறுக்கவில்லை.

"பட்டறைக்குப் போ. அரைகுறைத் துப்பாக்கியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. அதை முடி. அது வெடிக்கிற சத்தத்தைக் கேக்காம நான் போகமாட்டேன். போதுமா?"

அறையிலிருந்து ஆளைக் கிளப்புவதற்காகச் சொன்னது. ஆனால் ஹில்யா வாக்கு மாறியதை அவர் கண்டதில்லை. சந்தையில் வாய்ப்பேச்சாகச் சொன்ன விலையை, பிறகு அதிகம் தருவதாக வந்தவனுக்காகக்கூட மாற்றமாட்டாள். ஆகவே ரெய்னோ கணக்குப் போட்டார். துப்பாக்கி முடியாதவரை அவள் போகமாட்டாள்.

மரணத்தோடு பேரம் பேசுகிறவன் முகத்தில் எதையும் காட்டக்கூடாது. அவர் காட்டவில்லை. பட்டறையில் அரம் ஓடுகிற சத்தம் தினமும் வீட்டுக்குக் கேட்டது. கட்டையில் பாம்பைப் பதித்தார், பதித்தது ஆழம் போதாது என்று பெயர்த்தார். விசையைப் பூட்டினார், கழற்றினார். துரு ஏற்றினார், இறக்கினார். அக்டோபர் போனது. ஏரி கறுத்தது. முதல் பனி விழுந்தது. ஹில்யா இருந்தாள். வியாபாரம் லாபத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

ஐலி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பேசுகிறவள் அல்ல என்பதால் ரெய்னோ நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்தும் வலிக்குக் குடுக்கிற மார்ஃபின் வேண்டாம்னுட்டா," என்றாள்.

"நர்ஸ் குடுக்கலியா?"

"நர்ஸ் கூட்டித்தான் குடுக்கச் சொல்லிட்டுப் போறா. இவ வாயைத் தெறந்தாத்தானே. நாலு நாளா இப்படித்தான். நாக்குல ரெண்டு சொட்டு நனைச்சுக்குறா, அவ்வளவுதான். மீதியை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் துப்பிடுறா."

"ஏன்?"

"ஏனா?" ஐலி அவரைப் பார்த்தாள். "தூங்கிட்டா சத்தம் கேக்காதாம்."

தொட்டியில் நுரை அடங்கும் ஓசை மெலிதாகக் கேட்டது.

"ராத்திரி துணியைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா. நீ இங்க வந்து காடி ஊத்துறே."

"என்கிட்ட யாரும் சொல்லல."

"நீ உள்ள வந்தாத்தானே சொல்றதுக்கு. வாசப்படியில நின்னு 'எப்படி இருக்கே'ங்கிறே. அவ 'நல்லா இருக்கேன்'ங்கிறா. வந்த வழியே போயிடுறே."

ரெய்னோ தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சுவத்துல பழசு ஒண்ணு தொங்குதில்ல," என்றாள் ஐலி, குரலைத் தணித்து. "அதை எடுத்துச் சுடு. முடிஞ்சுதுன்னு சொல்லிடலாம். படுத்திருக்கிறவளுக்கு என்ன தெரியப்போகுது?"

"அது தடிச்ச குழல். அடைச்ச தொண்டை மாதிரிச் சத்தம் வரும். இது மெல்லிசு, கணீர்னு கேக்கும். அவளுக்குத் தெரியும்."

"அப்ப இதையே முடி."

"துளை போடணும்."

"போடேன்," என்றாள் ஐலி.

அவர் குழலைத் தூக்கினார். பாதித் துரு போய்ப் பாதி ஒட்டிக்கொண்டு, சொறி பிடித்த மாடு மாதிரி இருந்தது. மீதியையும் கோணியால் தேய்த்து எடுத்தார். சோடாத் தண்ணீரில் கழுவி, துடைத்து, மறுபடி துரு பிடிக்காமலிருக்க உள்ளும் புறமும் எண்ணெய் போட்டார். பட்டறைக்குக் கொண்டுபோய்க் கட்டையில் உட்காரவைத்து முளைகளை அடித்தார்.

மற்ற ஆட்கள் நெருப்புத் துளையை முதலிலேயே போட்டுவிடுவார்கள். ரெய்னோவுக்கு அது கடைசி வேலை. துளை இல்லாதவரை அது தண்ணீர்க் குழாய்க்குச் சமம். சக்கிமுக்கிப் பொறி விழுகிற சின்னக் கிண்ணத்துக்கு நேராக, அடிமூடிக்குச் சற்று முன்னால் இடம் குறித்திருந்தார். குறித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கைத்துளைப்பானை வைத்துச் சுற்றினார். இரும்பு மயிர்போலச் சுருண்டு விழுந்தது. திடீரென்று எதிர்ப்பு இல்லாமல் போனது. குழலின் வாயில் உதட்டை வைத்து ஊதி, கையை எட்ட நீட்டித் துளையில் ஈரவிரலைப் பிடித்துப் பார்த்தார். சொந்த மூச்சு அங்கே வந்து குளிர்ந்தது.

ஹில்யா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். கோடையில் சந்தை முழுவதற்கும் கேட்கிற குரல் இருந்த உடம்பில் இப்போது போர்வைதான் மிச்சம். அவர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"கொண்டா," என்றாள்.

துப்பாக்கியைப் போர்வைமேல் வைத்து, எடை அவள்மேல் விழாமல் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார். அவள் விசைவளையத்துக்குள் விரலை விட்டாள். ஒன்று. பிறகு இன்னொன்று.

"ரெண்டு போகுதே. பெருசாப் போட்டுட்டே."

"உன் விரல் இளைச்சிருக்கு."

"வாங்குறவன்கிட்ட அப்படிச் சொல்லி வெக்காதே."

கை பாம்பைத் தடவிக் குழலுக்கு வந்து நின்றது.

"வெள்ளையா இருக்கு."

"ஆமா."

"எத்தனை தடவை ஏத்துனே?"

"மூணு."

"எறக்குனது?"

அவர் துப்பாக்கியின் எடையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் வாங்கிக்கொண்டார்.

"காடி வாசம் இங்க வரைக்கும் வருது. ஐலி வெள்ளரிக்கா ஊறுகா போடுறான்னு மொத தடவை நெனச்சேன். நவம்பர்ல வெள்ளரிக்கா ஏது?" மூச்சு வாங்கிக்கொள்ள நின்றாள். உதட்டோரம் கடிபட்டுப் புண்ணாகியிருந்ததை ரெய்னோ அப்போதுதான் பார்த்தார்.

"கோவமா?" என்றார்.

"இழுத்தடிக்கிறவன்மேல எனக்கு எப்பவும் கோவம் வந்ததில்ல. வாங்க ஆசைப்படுறவன்தான் இழுத்தடிப்பான். மத்தவன் வெலை கேட்டதும் போயிடுவான்." கண்ணை மூடித் திறந்தாள். "ஆனா கூடாரத்தைப் பிரிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கு, ரெய்னோ."

"ஒரு வாரம் இருந்தா நெறம் ஏத்தி..."

"வெள்ளையாவே இருக்கட்டும். அந்தக் காலத்துல அப்படிக் கேட்டு வாங்கினவங்க உண்டு."

"உண்டா?"

"நான் சொன்னா உண்டு."

வாசலில் நின்ற ஐலி மூக்கை உறிஞ்சினாள். ஹில்யா அவள் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

"மருந்தை ரொப்பி வை. சத்தம் கேட்டதும் முழுசும் குடு. துப்பமாட்டேன்."

ஐலி மேஜையிலிருந்த ஊசியில்லாத சிரிஞ்சில் மார்ஃபினை இழுத்தாள். ரெய்னோ துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றார்.

"போ," என்றாள் ஹில்யா. "தூக்கம் வருது எனக்கு."

முற்றத்தில் பனி கணுக்கால் வரை கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே, காட்டைப் பார்த்து நின்றார். வெடிமருந்தை அளந்து கொட்டினார். குண்டு போடவில்லை. காகிதம் போன்ற பழைய குளவிக்கூட்டைப் பிய்த்துத் தக்கையாக அடைத்துச் சலாகையால் இடித்தார். கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தூவி மூடி, கல்லைக் கவ்விய குதிரையைப் பின்னால் இழுத்து, விசையை அழுத்தினார்.

புஸ்ஸென்று கிண்ணத்தில் வெளிச்சமும் புகையும் வந்தன. குழல் பேசவில்லை.

எண்ணெய். உள்ளே போட்ட எண்ணெயைத் துடைக்காமலே மருந்தைக் கொட்டிவிட்டார். முதல் வருஷம் தொழில் பழகுகிறவன்கூட அப்படிச் செய்யமாட்டான். கம்பியை எடுத்துத் துளையில் குத்தினார். கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். ஐலியின் முதுகு தெரிந்தது. ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். முதுகு திரும்பவில்லை.

மறுபடி தூவினார். பனித்துகள் ஒன்று கிண்ணத்தில் விழுந்து கரைந்தது. கொட்டிவிட்டுச் சட்டை நுனியால் துடைத்துப் புதிதாகத் தூவினார். இழுத்தார். கல் எஃகில் மோதிய ஓசை மட்டும் வந்தது, பொறி வரவில்லை. கல்லின் விளிம்பு மழுங்கியிருந்தது. பித்தளைக் கம்பால் அதைத் தட்டிக் கூராக்கினார். விரல் மரத்துப்போய், இரண்டு தட்டு விரலிலேயே விழுந்தது. ஜன்னலில் இப்போது யாரும் இல்லை. கட்டில் பக்கம் குனிந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை வெடித்தது. கணீரென்று, அவர் சொன்ன மாதிரியே. சத்தம் மரங்களைத் தாண்டி ஏரிமேல் போய், நேரம் கழித்துத் திரும்பி வந்தது. கிளைகளிலிருந்து பனி பொலபொலவென்று உதிர்ந்தது.

அவர் காத்திருந்தார்.

ஐலி கோட்டுப் போடாமல் முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். படியில் நின்றாள். சிரிஞ்ச் கையிலேயே இருந்தது, இழுத்தது இழுத்தபடி.

"சத்தத்தைக் கேட்டா," என்றாள்.

ரெய்னோ சிரிஞ்சைப் பார்த்தார்.

"கேட்டுட்டுத்தான் போனா. இதுக்கு அவசியமில்லாமப் போச்சு."

அவள் பார்வை அவருடைய தோளைத் தாண்டிக் காட்டில் எங்கோ இருந்தது. ரெய்னோ ஹில்யாவின் கம்பளத்துக்குப் பின்னால் எத்தனையோ கோடைகள் உட்கார்ந்திருந்தவர். சரக்கில் பழுது இருக்கும்போது விற்கிறவளின் கண் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். எந்தச் சத்தம், எப்போது, என்ன சொன்னாள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், விலை அடியோடு சரிந்துவிடும்.

அவர் கேட்கவில்லை. சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டார்.

"சரி," என்றார்.

உள்ளே வந்து துப்பாக்கியைச் சமையலறை மேஜைமேல் வைத்தார். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதை நோக்கி இரண்டடி வைத்தவர், நின்று தன் கைகளைப் பார்த்தார். சமையலறைத் தொட்டித் தண்ணீரில் அலம்பினார். கறுப்பு போயிற்று, குளிர் போகவில்லை. வெளியிலிருந்து வந்த கையோடு தொட்டால் ஹில்யா துள்ளி விழுந்து திட்டுவாள்.

விறகடுப்பின் பக்கம் போய் நின்று, இரண்டு கைகளையும் அதன்மேல் நீட்டினார். புறங்கையைக் காட்டினார், உள்ளங்கையைக் காட்டினார். ஒரு கையால் மற்றதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி நீட்டினார்.

ஐலி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அடுப்பின் கதவைத் திறந்து, இன்னொரு விறகை உள்ளே வைத்தாள்.