கஸ்தூரிக்கு ஒரு லாயம்

சாமான் லாரியிலிருந்து முதலில் இறங்கியது பீரோ இல்லை, வெண்கல அண்டாவும் இல்லை. ஒரு குதிரை. பழுப்பு நிறம், முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை ஜோடு போட்டாற்போல ஒரு பட்டை. மல்லேஸ்வரத்துக் கோயில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. குதிரை அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கோலத்தின் நட்ட நடுவில் சாணம் போட்டது. சம்பிரதாயமாகக் குடித்தனம் வந்தாயிற்று.

வீட்டுக்குப் பெரியவர் ஆராவமுதன், மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் கன்னடத்தில் பேசுவார். கோபம் அதிகமானால் இங்கிலீஷ். அதற்கும் மேலே போனால் பேச்சே கிடையாது. அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை.

குதிரை மாட்டுப்பெண் அனந்தலக்ஷ்மியுடையது. அவள் புருஷன், ஆராவமுதனின் பிள்ளை சேஷகிரி, மின்சார இன்ஜினீயர். நீலகிரியில் அணை கட்டும் வேலையில் சில வருஷம் இருந்துவிட்டு இப்போதுதான் பெங்களூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறான். அந்த மலைமேல் ஜீப்புக்கும் வழியில்லை. கத்தரிக்காய் வாங்கவேண்டுமென்றாலும் மட்டக்குதிரை மேல்தான் போகவேண்டும். சாலை போட்டதும் மற்றப் பெண்டுகள் குதிரையை விட்டு இறங்கிவிட்டார்கள். அனந்தலக்ஷ்மி இறங்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவன் சீமைக்குத் திரும்பும்போது இவளிடம் விட்டுப்போன பெண்குதிரைதான் கஸ்தூரி.

புடவையோடு எப்படிக் குதிரை ஏறுவது என்றுதானே கேட்கிறீர்கள்? மடிசார் என்று ஒன்று இருக்கிறதே! ஒன்பது கஜத்தையும் கச்சம் வைத்துக் கட்டினால் காலுக்குக் கால் தனித்தனி. குதிரை ஏறுவதற்கென்றே யாரோ ஒரு புண்ணியவதி யோசித்து வைத்த கட்டு அது என்பது அனந்தலக்ஷ்மியின் துணிபு.

கொல்லையில் கட்டிய கஸ்தூரி ஒரே ராத்திரியில் கறிவேப்பிலை மரத்தை மொட்டையடித்துவிட்டது. மறுநாள் வாசனையில்லாத சாத்தமுதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது ஆராவமுதனுக்குப் பேச்சு திரும்பி வந்தது.

"இதோ பார். இந்த மாசம் முடியறதுக்குள்ளே ஒரு லாயத்தைப் பாத்து இதைக் கொண்டு விட்டுடு. சவாரியும் பண்ணிக்கோ, நான் வேண்டாங்கலை. ஆனா நம்ம மனுஷா ஒருத்தர் கண்ணுலயும் நீ படப்படாது. பட்டேன்னு என் காதுல விழுந்துதோ, அன்னிக்கே இது கிருஷ்ணப்பாவோட ஜட்காவுக்குத்தான். அவன் குதிரை தேடிண்டிருக்கான்."

கிருஷ்ணப்பாவின் ஜட்கா மார்க்கெட் முனையில் நிற்கும். அதில் பூட்டியிருந்த ஜீவனின் விலா எலும்புகளை வீணை என்று நினைத்து யாராவது மீட்டிவிடப் போகிறார்கள் என்று பயமாக இருக்கும். அனந்தலக்ஷ்மி கொல்லைக்குப் போய்க் கஸ்தூரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு லாயம் தேடக் கிளம்பினாள்.

முதலில் போனது அரண்மனைப் பக்கம், பழைய குதிரைப்படை தஃபேதார் ஒருவர் நடத்தின லாயம். மனிதர் தங்கமானவர். மெடல்களைக் காட்டினார், மீசையைக் காட்டினார், காலில் குண்டு பட்ட தழும்பைக் காட்டினார். குதிரைகளை மட்டும் காட்டவில்லை. இவளே பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியில் பாசி படர்ந்து ஒரு தவளை சௌக்கியமாகக் குடியிருந்தது. தவளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அடுத்தது கண்டோன்மென்ட்டில் ஒரு சவாரி கிளப். சரளைக்கல் பாதை, பளபளவென்று பித்தளை, அதைவிடப் பளபளப்பாகக் குதிரைகள். காரியதரிசி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கஸ்தூரியின் அப்பா யார், அம்மா யார், தாத்தா எந்த ஊர் லாயத்தில் இருந்தார் என்று விசாரித்தார். "எங்க கல்யாணத்துக்கே இவ்வளவு விசாரிக்கலையே ஸார்! கோத்திரம் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அனந்தலக்ஷ்மி. அவர் சிரிக்கவில்லை. பெண்கள் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் ஓட்டவேண்டும், அதுதான் மரியாதை என்றார். மலைச்சரிவில் அப்படி உட்கார்ந்திருந்தால் நான் என்றைக்கோ பரமபதம் சேர்ந்திருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்றாவதாக அகப்பட்டதுதான் ஜோசஃபினுடைய லாயம். ரேஸ்கோர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் ஓட்டுக்கூரை. புருஷன் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவன், காலமாகிவிட்டான். ஓடிக் களைத்த குதிரைகள் நாலைந்தை வைத்துக்கொண்டு, மர்பி டவுனிலிருந்து தினம் விடியுமுன் வந்து, அந்தம்மாளே லாயத்தை நடத்திக்கொண்டிருந்தாள்.

மடிசாரைக் கண்டதும் அவள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "யேசுவே! இன்னாம்மா, கோயிலுக்கு வழி தப்பி வந்துட்டியா? கோயிலு அந்தாண்ட கீது."

"லாயம் பாக்கத்தான் வந்தேன். என் குதிரைக்கு."

"ஒன் குதிரைக்கா? ஊட்டுக்காரரு குதிரைன்னு சொல்லு."

"அவர் சைக்கிளே ஓட்டமாட்டார்."

ஜோசஃபின் சிரித்த சிரிப்பில் கட்டுத்தறியிலிருந்த குதிரைகள் ஒவ்வொன்றாகத் தலையை வெளியே நீட்டின. அதைத்தான் அனந்தலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருந்தாள். அடி வாங்கும் குதிரை ஆள் குரல் கேட்டால் மூலைக்குப் போகும். இவை என்ன வேடிக்கை என்று எட்டிப் பார்க்கின்றன. குனிந்து வைக்கோலை அள்ளி முகர்ந்தாள். வெயில் வாசனை. தொட்டித் தண்ணீரில் தன் முகம் தெரிந்தது.

"இன்னா, பொண்ணு பாக்க வந்தாப்பல பாக்கறே? பாடச் சொல்லட்டுமா?"

"பாட வேண்டாம். நாளைக்கே கஸ்தூரியைக் கொண்டு வரேன்."

மாமனாரின் நிபந்தனையை அவள் மறந்துவிடவில்லை. அதை நினைத்துத்தான் இந்த இடத்தைப் பிடித்தாள். ரேஸ்கோர்ஸ் என்பது அந்நாளில் மல்லேஸ்வரத்துப் பெரியவர்களுக்குச் சொல்லவே கூசும் வார்த்தை. குழந்தைகள் தவறிச் சொன்னால் வாயில் அடி விழும். நம் மனுஷா யாரும் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். விடிகாலையில், அதுவும் மார்கழிப் பனியில், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? லாயம் எந்தத் திசை என்றுகூட வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. பாவம், ஊருக்குப் புதிது.

முதல் நாள் சவாரி. மடிசாருக்கு மேல் சேஷகிரியின் ஓவர்கோட்டு, தலையில் தோட்டத்துத் துரை போட்டுப் போன தொப்பி. பனியில் பார்த்தால் எலும்பும் தோலுமான ஒரு ஜாக்கிப் பையன்தான். சந்து தாண்டி, ரேஸ்கோர்ஸ் வேலியை ஒட்டிய மண்பாதையில் கஸ்தூரியை நடக்கவிட்டாள். வேலிக்கு அந்தப்பக்கம் பந்தயக் குதிரைகள் பழக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன.

வேலிக்கு இந்தப்பக்கம், வரிசையாக மங்கி குல்லாய்கள்.

பச்சை, காவி, மண் நிறம். கீழே மஃப்ளர். இரண்டுக்கும் நடுவில் கண் மட்டும். யார் கையிலும் ரேஸ் புஸ்தகம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குதிரை கடக்கும்போதும் அத்தனை குல்லாயும் சேர்ந்து இடமிருந்து வலமாகத் திரும்பும், கோயிலில் தீபாராதனைக்குத் திரும்புகிற மாதிரி.

குடையைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்தியிருந்த ஒல்லிக் குல்லாயை எங்கோ பார்த்தாற்போல இருந்தது. அடுத்த வீட்டு ஸ்ரீகண்டன், ரிடையரான ஹெட்மாஸ்டர். பக்கத்தில் ஒரு காலைச் சாய்த்து நின்றவர் எதிர்வீட்டு வெங்கடராமன், சங்கீத சபா காரியதரிசி. அனந்தலக்ஷ்மி குதிரையைத் திருப்பலாமென்று கடிவாளத்தை இழுத்தாள். அதற்குள் மூன்றாவது குல்லாய் ஒன்று வேலியை விட்டு நகர்ந்து அவளை நோக்கி வந்துவிட்டது.

"ஏனப்பா," என்றது குல்லாய், ரகசியமாக, கன்னடத்தில். "ஆ கெம்பு குதுரே இவத்து ஹேகிதே?"

அந்தச் செங்குதிரை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். ஜாக்கிப் பையனிடம் துப்புக் கேட்கிறார். தினமும் சாங்கி ஏரியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு காப்பிக்கு உட்காருகிற குரல் அது. கன்னடமானாலும் இந்தக் குரலைத் தெரியாதா அவளுக்கு?

தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைக் கட்டையாக்கி, "குண்டா" என்றாள். நொண்டுகிறதாம்.

"ஓஹோ!" என்று திருப்தியாகத் தலையாட்டிய ஆராவமுதன் ரேஸ்காரப் பழக்கத்தில் குதிரையின் காலைப் பார்த்தார். முன்னங்காலில் வெள்ளை ஜோடு.

மாட்டுப்பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஒரு தடவை பார்த்த குதிரையை அவர் மறப்பாரா? மெல்ல நிமிர்ந்தார். குல்லாய்க்குள் இரண்டு கண். தொப்பிக்குக் கீழே இரண்டு கண். கஸ்தூரி இருவருக்கும் பொதுவாக ஒரு தும்மல் தும்மியது. ஆராவமுதன் குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வேலியில் முட்டிக்கொள்ளாத குறையாகப் பனிக்குள் நடந்து போனார்.

அன்று முழுக்க வீட்டில் அவர் பேசவில்லை. அனந்தலக்ஷ்மியும் பேசவில்லை. எப்படிப் பேசுவது? உன்னைப் பார்த்தேன் என்று அவர் சொன்னால், எங்கே என்று கேட்பார்கள். ஆனால் அவருக்கு வேறு கவலையும் பிடித்துக்கொண்டது. இந்தக் குதிரை அங்கே இருக்கிற வரைக்கும் விடிகாலையில் வேலியோரம் நிம்மதியாக நிற்க முடியாதே!

மறுநாள் சாயங்காலம் கிருஷ்ணப்பாவின் ஜட்கா வாசலில் வந்து நின்றது. அவன் கையில் புதுக் கயிறு.

"ஊர்ல பேச்சு கிளம்பிடுத்து," என்றார் ஆராவமுதன் கூடத்தில் நின்று, தூணைப் பார்த்துக்கொண்டு. "இவளைப் பாத்திருக்கா. லாயத்துலேர்ந்து குதிரையைக் கிருஷ்ணப்பா ஓட்டிண்டு போகட்டும்."

அனந்தலக்ஷ்மி நினைத்தால் சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். ஆனால் மாமியார் எதிரில், வாசலில் ஜட்காக்காரன் கேட்க, வயசான மனிதரின் மானத்தை வாங்குவதா? புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்கினாள்.

மாமியார் செங்கமலம் காப்பி டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்தாள். "யார் பாத்தா?"

"நாலு பேர்."

"நாலு பேருக்கும் பேர்னு ஒண்ணு இருக்குமோல்லியோ?"

அந்த நேரம் பார்த்து, வழக்கம்போலப் பேப்பர் படிக்க ஸ்ரீகண்டன் உள்ளே நுழைந்தார். பின்னாலேயே வெங்கடராமன்.

"வாங்கோ, நல்ல சமயத்துல வந்தேள்," என்று டம்ளரை நீட்டினாள் செங்கமலம். "எங்காத்து மாட்டுப்பொண் குதிரை ஏறிப் போறதை நீங்க எங்கேயாவது பாத்தேளா?"

ஸ்ரீகண்டனின் டம்ளர் பாதி வழியில் நின்றது. பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியாதா, எத்தனை பையன்களை அப்படி மடக்கியவர்!

"சே சே! நானா? சத்தியமா இல்லே மாமி. ரேஸ்கோர்ஸ் பக்கம் பொம்மனாட்டி வாசனையே கிடையாது!"



"ரேஸ்கோர்ஸா?" என்றாள் செங்கமலம், ரொம்ப மெதுவாக. "லாயம் எங்கேன்னு எனக்கே தெரியாதே. ஏண்டி, நீ இவர்கிட்ட சொன்னியோ?"

"இல்லேம்மா" என்றாள் அனந்தலக்ஷ்மி, தரையைப் பார்த்து.

சிநேகிதனைக் காப்பாற்ற வெங்கடராமன் பாய்ந்து வந்தார். "அவர் சொல்றது வாஸ்தவம் மாமி. நானும் பக்கத்துலயேதானே நின்னுண்டிருந்தேன்? யாரும் வரலை!"

ஆராவமுதன் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற கிருஷ்ணப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர்கள் தினம் தன் வண்டியில் ஏறுகிறவர்கள், அவர்கள் பேச்சை ஒரு அம்மாள் சந்தேகப்படுவதா? அவனும் தன் பங்குக்குச் சாட்சி சொன்னான்.

"நெஜா அம்மா! தினா மூணு பேரையும் நான்தானே வேலியாண்ட எறக்கி உடறேன்? நேத்து பெரியவரு ஒரு ஜாக்கிப் பையன் கூட மாத்தாடினாரு, பேசினாரு, அவ்வளவுதான். பொம்பளே யாரூ இல்லா!"

செங்கமலம் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிதானமாக அடுக்கினாள். அவள் உதட்டோரம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"அப்போ சரி. மூணு பேர் சாட்சி சொல்லியாச்சு. நம்ம மனுஷா ஒருத்தர் கண்ணுலயும் அவ படலை. நீங்க போட்ட நிபந்தனைப்படிதான் எல்லாம் நடந்திருக்கு. குதிரை இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். என்ன, நான் சொல்றது?"

"ம்" என்றார் ஆராவமுதன். பிறகு தூணிடமே கேட்டார்: "கொஞ்சம் வெயில் வந்தப்புறம் போகப்படாதா, சவாரிக்கு?"

"வெயில் ஏறினா கஸ்தூரிக்கு ஆகாதுப்பா," என்றாள் அனந்தலக்ஷ்மி. குரலைப் பவ்யமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்ட கிருஷ்ணப்பா, குதிரைதான் போயிற்று, சவாரியாவது கிடைக்குமா என்று தலையைச் சொறிந்தான். "காலையிலே வண்டி பேக்கா அம்மா?"

"வேணும் கிருஷ்ணப்பா. ரேஸ்கோர்ஸ் சந்து வரைக்கும். வண்டியில எடம் இருக்குமா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"ஏன் இருக்காது? இவங்க மூணு பேரும் இனிமே வரமாட்டாங்களே."

"யார் சொன்னா?" என்றார்கள் மூன்று பேரும், ஒரே குரலில்.