அக்கா எறிந்த பந்துகள்

1

2023 பிப்ரவரி 6, காலை பதினொன்றரை. மறுவாழ்வு மையத்தின் இரண்டாம் அறையில், சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்து மீண்ட கொத்தனார் ஒருவர் இருபது பந்துகளில் பதினெட்டைப் பிடித்தார்.

சிறுமூளை பற்றிக் கட்டுரை எழுதப் போனவன் நான். அந்த எண்ணைக் கேட்டதும் கதை எழுதலாம் என்று தோன்றிவிட்டது. வந்தது வினை.

2

எறிந்தவர் அவருடைய அக்கா. இருபது வருடமாகக் கீழே நின்று செங்கல் வீசுபவர். மாடிச் சாரத்தில் நின்று பிடிப்பவர் தம்பி. இருபதில் பதினைந்து பிடித்தால் மறுபடி சாரத்தில் ஏற்றுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

(முதல் வரைவில் அக்காவை அழவைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் அழுகிற ஆள் இல்லை.)

பிடி தவறினால் சிறுமூளைக்குள் 'பிழை' என்று ஒரு நரம்புச் சமிக்ஞை பாய்கிறது. அடுத்த அசைவு திருந்துகிறது. பரிசை எதிர்பார்க்கும்போதும் அங்கே நரம்புகள் துடிக்கின்றன என்கிறார்கள். ஆகவே, ஒவ்வொரு பிடிக்கும் தம்பி சிரித்த சிரிப்பு என்பது அக்காவுக்கு... வேண்டாம், கட்டுரை வாடை அடிக்கிறது.

3

அன்றே, பயிற்சி தரும் பிசியோ பந்துகளை வாங்கித் தானே எறிந்தார். கொத்தனார் பிடித்தது இருபதில் நான்கு.

"நீங்க போட்டா மட்டும் எப்படிக்கா பிடிக்கிறாரு?"

அக்கா உருண்டு வந்த பந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். "அவன் கை கொஞ்சம் லேட்டா மூடுது. நான் அதுக்குத் தோதா போட்டிருக்கேன் போல."

"அப்போ கத்துக்கிட்டது உங்க சிறுமூளை!"

"வியாதி எனக்கு, வைத்தியம் உனக்கா?" என்றார் கொத்தனார். "நல்லா இருக்குக்கா நியாயம்!"

"வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லடா உனக்கு."

"இனிமே எனக்காகப் பார்த்துப் போடாத. செங்கல்லுன்னு நினைச்சு வீசு."

அக்கா ஐந்து வாரம் அப்படியே வீசினார். விழுந்த பந்துகளை வேறு யாரும் எடுக்கக் கொத்தனார் விடவில்லை. தள்ளாடித் தள்ளாடித் தானே குனிந்து பொறுக்கினார்.

4

முடிவு (அ): பதினைந்து பிடிக்கிறார், அறையே கைதட்டுகிறது.

முடிவு (ஆ): எண்ணிக்கை குறைகிறது, அக்கா மேஸ்திரியிடம் கெஞ்சுகிறார்.

இரண்டையும் இருவருக்கும் படித்துக் காட்டினேன்.

"கெஞ்சினேனா? யாரு, நானா?" என்றார் அக்கா.

"எத்தனை பிடிச்சேனோ அதைப் போடுங்க சார், போதும்" என்றார் தம்பி.

மார்ச் 13. எறிந்தவர் பிசியோ. இருபதில் பதினொன்று. கொத்தனாரே மேஸ்திரியிடம் போய் எண்ணைச் சொன்னார். தரைத்தளத்தில் சுவர் எழுப்பும் வேலை கிடைத்தது. சாரம் கிடைக்கவில்லை.