கஞ்சனின் ஒன்பது நாள்

பாலத்தின் கடைசி உத்திரத்தைத் தூக்கி வைக்கும் நாளும் என் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை நடக்கும் நாளும் ஒரே வியாழக்கிழமையில் வந்து விழுந்தன. அந்த ஆற்றுப் பாலத்துக்கு நான் திட்ட மேலாளர். இருநூறு டன் உத்திரம். நான் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடாமல் கிரேன் கொக்கி அசையாது. டாக்டரிடம் வேறு தேதி கேட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் இருக்கிறது, அவ்வளவு நாள் தாங்காது என்றார்.

"நீங்க பாலத்தப் பாருங்க. என் தங்கச்சி வர்றா," என்றாள் மனைவி. துளிக் கோபமில்லாமல் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. மகள் பிறந்தபோது நான் ஓர் அணையில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் இறந்தபோது ஒரு சுரங்கப்பாதைக்குள் இருந்தேன். அவள் எதையும் சொல்லிக்காட்டியதில்லை.

திங்கட்கிழமை காலை, ஆற்றங்கரைத் தகர அலுவலகத்தில் கஞ்சனைக் கூப்பிட்டேன். கால அட்டவணையைக் கவனிக்கும் பொறியாளருக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தான். மூவாயிரம் வரி அட்டவணையில் எவருக்கும் ஒரு நாளைக்கூட அவர் விட்டுத் தரமாட்டார். கம்பி கட்டுபவர்கள், பெயிண்டர்கள் எல்லாரும் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்தவர்கள். ஒரு தூண் வேலை நாலு நாள் பிந்தியபோது, மேலதிகாரி வருவதற்குள் சரிக்கட்ட வழியுண்டா என்று நானே கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இடமில்ல சார்," என்று போய்விட்டார்.

"வியாழக்கிழமைய நகர்த்த முடியுமா?" என்று கேட்டு, காரணத்தையும் சொன்னேன்.

அவர் கணினியை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். உத்திரம் ஏறிய பிறகு, 'தாங்கிகள் மறு அளவீடு – ஒன்பது நாள்' என்றிருந்தது.

"இத எடுத்துட்டா உத்திரம் ஒன்பது நாள் தள்ளிப் போகலாம். திறப்பு தேதி அசையாது."

"அளவெடுக்க வேண்டாமா?"

"அப்படி ஒரு வேலையே கிடையாது சார்."

மூன்று வருடமாக மாதாமாதம் அந்த அட்டவணையில் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த வரியைக் கூட்டங்களில் கம்பீரமாகப் படித்தும் காட்டியிருக்கிறேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன்.

"மூணு வருஷமா என் கண்ணுலயே மண்ணத் தூவியிருக்கீங்க."

"ஆமா சார்."

"தூணுக்குக் கேட்டப்ப இத குடுத்திருக்கலாமே?"

"அது நீங்க அதிகாரிகிட்ட நல்ல பேர் வாங்கக் கேட்டது."

"அப்ப யாருக்குன்னு வச்சிருந்தீங்க?"

"தெரியாது சார். இத்தன பேரு வேல செய்ற எடம். யாருக்காவது வேண்டியிருக்கும்."

"சரி, மாத்துங்க," என்றேன்.

வியாழக்கிழமை, அறுவை அரங்கின் வாசலில் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"பாலம்?"

"அடுத்த வாரம்."

"உங்கள யாரு விட்டா?"

"கஞ்சன்."

மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசையில் அந்த மனிதரை நான் திட்டியதைக் கேட்டவள். சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு மணி நேரம் அந்தக் கண்ணாடியை நான் கீழே வைக்கவில்லை. டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றபோது அவருக்கு நன்றி சொன்னேன். மனதுக்குள் இன்னொருவருக்கும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் உத்திரம் ஏறியது. மாதக் கடைசிக் கூட்டத்தில் மேலதிகாரி அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"கைப்பிடி வளைவு சரிபார்ப்பு, ஆறு நாள். இது போன மாசம் இல்லையே?"

கஞ்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"முக்கியமான வேல சார். அத மட்டும் தொட முடியாது," என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினேன்.

சன்னலுக்கு வெளியே, பாலத்தின் மேல் மஞ்சள் தலைக்கவசங்கள் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தன. அந்த ஆறு நாள் அவற்றில் எந்தத் தலைக்கு என்று எனக்கும் தெரியாது.