தலை விழும் நிமிஷம்

'முண்டராசன் கோட்டை' என்ற படத்தில் இருபதாவது நிமிஷத்தில் வெட்டுப்பட்டு விழ வேண்டிய ராஜாவின் தலை, 1978ஆம் வருஷம் வைகாசி மாதம் மல்லசமுத்திரம் டூரிங் கொட்டாயில் பதினெட்டாவது நிமிஷத்திலேயே விழுந்தது. மறு வருஷம் பதினைந்தாவது நிமிஷத்தில் விழுந்தது. படம் மொத்தம் பதிமூன்று ரீல்தான், ஒரு அடி கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று ஆபரேட்டர் ஆண்டி அளந்து பார்த்துச் சொன்னார். தலைக்குக் குறைந்த நிமிஷங்களை முண்டம் எடுத்துக்கொண்டது. முன்பெல்லாம் கோட்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த தலையில்லாத ராஜா, இப்போது வாசலைத் தாண்டி வெளியே நடக்க ஆரம்பித்திருந்தார். ஊர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. சினிமாக்காரர்கள் எதையாவது மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டது. ஒரே ஒரு மனிதருக்குத்தான் உறைத்தது. விழுந்தது அவருடைய தலை.

வெள்ளியங்கிரிக்கு மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கடலைக்காடும் மரவள்ளிக்காடும் இருந்தன. அவற்றைவிடப் பெரிய சொத்தாக அவர் நினைத்தது தன் முகத்தை. 1973 மார்கழியில் சேலம் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த மயில்சாமி என்பவர், வாழ்ந்தால் ஒரு படமாவது எடுத்துவிட்டுத்தான் வாழ்வது என்று கிளம்பி வந்து, அந்தப் பக்கத்து இடிந்த மண்கோட்டையில் ராஜா காலத்துப் பேய்ப்படம் ஒன்றை எடுத்தார். ராஜாவாக நடிக்க வெள்ளியங்கிரியின் மூக்கும் மீசையும் தோதாக இருந்தன. ஒரே ஒரு வண்டிக் குதிரை நாலு திசையிலிருந்தும் மாறி மாறி ஓடிவந்து நாற்பது குதிரை ஆனது. கிழிந்த குடைத்துணி வௌவாலாகப் பறந்தது. காவல் நின்ற சிப்பாய் ஒருவன் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்துவிட்டான். தலை போன பிறகு நடக்கும் முண்டத்துக்கு மயில்சாமி குட்டையான ஆள் ஒருவரைத் தேடினார். நாலேமுக்கால் அடி உயரமுள்ள கருப்பண்ணன் கிடைத்தார். மேச்சேரி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். அவர் தலைக்கு மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் தோள் வைத்துத் தைத்து, ராஜா உடுப்பை மாட்டிவிட்டார்கள். நெஞ்சில் தைத்த தகட்டில் இரண்டு ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு கருப்பண்ணன் நடந்தார். அவருடைய முகம் படத்தில் எங்கேயும் இல்லை.

தலை வெட்டும் காட்சி கோட்டைக்குள் இருந்த காளியம்மன் சன்னிதிக்கு முன்னால். அங்கேதான் தகராறு வந்தது. கும்பலாக நிற்க வந்த ஊர்க்காரர்கள், பொய் வெட்டானாலும் அம்மன் பார்க்க வெட்டுகிற வெட்டு, உத்தரவு கேட்காமல் வெட்டக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் கிடாய் வெட்டுவதற்கு முன் அதன்மேல் தீர்த்தம் தெளிப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் துளுக்கிவிட்டது, அதாவது சம்மதம் கொடுத்துவிட்டது என்று பொருள். உதறாத கிடாயை வெட்டமாட்டார்கள். அதேபோல ராஜாவின் தலையிலும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். மார்கழி விடியற்காலை, இடுப்புக்கு மேல் துணியில்லை, வெள்ளியங்கிரிக்குக் குளிர் தாங்கவில்லை. உடம்பை ஒரு உதறு உதறினார். "துளுக்கிட்டாருங்கோ" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதைக் கேமரா எடுத்துக்கொண்டது. மயில்சாமிக்கும் அது பிடித்துப்போய் அப்படியே படத்தில் வைத்துவிட்டார்.

சேலத்தில் படம் ஒரு வாரம் ஓடியது. அதிலும் கடைசி மூன்று நாள் ஓடியது மின்விசிறிதான் என்பார்கள். மயில்சாமி மறுபடியும் துணி கிழிக்கப் போனார். இருந்த ஒரே பிரதி, டூரிங் கொட்டாய்களுக்குக் கைமாறி, 1976 வாக்கில் மல்லசமுத்திரம் வந்து சேர்ந்தது. அங்கேதான் அதற்கு உயிர் வந்தது. ஒரே படத்தை ஜனங்கள் முப்பது தடவை, நாற்பது தடவை பார்த்தார்கள். கடிகாரம் கட்டிய சிப்பாய் வந்ததும் ஆண்கள் பக்கம் "மணி என்னங்க?" என்று கேட்கும், பெண்கள் பக்கம் "பத்தேகால்" என்று பதில் சொல்லும். குடைத்துணி பறந்தால் எல்லோரும் குனிந்துகொள்வார்கள். குடத்துத் தண்ணீரை ஊற்றும்போது சொம்பில் கொண்டுவந்த தண்ணீரை முன்னால் இருப்பவர்கள்மேல் தெளித்து, "துளுக்கு, துளுக்கு" என்று கொட்டாயே சொல்லும். தலை விழுந்ததும் எழுகிற கைதட்டல் சந்தைப்பேட்டை வரைக்கும் கேட்கும். அதற்குப் பிறகுதான் பொரிகடலை வாங்கப் போனவர்கள் ஓடிவந்து மணலைக் குவித்து நிமிர்ந்து உட்காருவார்கள். முண்டராசா நடக்க ஆரம்பித்துவிட்டால் கைக்குழந்தைகூட அழாது.

வெள்ளியங்கிரி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனார். முதலில் பெருமையாகத்தான் போனார். தன் தலை போவதற்கு இத்தனை கைதட்டலா என்று யோசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல மூக்கும் மீசையுமாகத் திரை நிறைய அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஜனம் கடலை உடைத்தது. கூடைக்குள் ஒளிந்து நடந்த ஆட்டுக்காரனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கருப்பண்ணன் சந்தைக்குப் போனால் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் கையால் தொடச் சொன்னார்கள். வெள்ளியங்கிரி எதிரே வந்தால் மரவள்ளி எப்போது பிடுங்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெயர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், மனைவி சௌந்திரத்திடம் கேட்டேவிட்டார்.

"ஏம்புள்ள, நீயும் அந்த முண்டத்தப் பாக்கத்தான் வாரியா?"

"ஆமாங்க. ராசா நடந்து வந்தாப் பாத்துக்கிட்டே இருக்கலாம்னு இருக்குதுங்க."

"அந்த ராசாவே நாந்தான?"

சௌந்திரம் குழம்பு ஊற்றிக்கொண்டே யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"நீங்க தலைதானுங்க" என்றாள்.

1980இல் தலை பன்னிரண்டாவது நிமிஷத்தில் விழுந்தது, 82இல் ஏழாவதில். முண்டராசா இதற்குள் கோட்டையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டிருந்தார். கேமரா போகாத இடங்களெல்லாம் திரையில் வந்தன. திருச்செங்கோட்டு மலை தூரத்தில் தெரிய, இருபுறமும் வேலி போட்ட இட்டேரி வழியாக நடந்து யார் யார் காட்டுக்குள்ளோ இறங்கி ஏறினார். அவர் மிதித்த காட்டில் அந்த வருஷம் கடலை கொத்துக்கொத்தாகப் பிடித்தது. அதனால் இன்றைக்கு யார் காடு என்று பார்ப்பதற்கே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தன் வரப்பு திரையில் தெரிந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். வெள்ளியங்கிரியின் காட்டோரம் வரைக்கும் இரண்டு தடவை வந்த முண்டராசா, வேலியைத் தாண்டாமல் திரும்பிப் போனார். அது வெள்ளியங்கிரிக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இன்னொரு விதத்தில் மானக்கேடாகவும் இருந்தது.

1984 தை மாதத்தில் ஒரு மாலை ஆட்டத்தில் நாலாவது நிமிஷமே தலை விழுந்தது. முண்டராசா நேராக நடந்துவந்து வேலிப்படலைத் திறந்து வெள்ளியங்கிரியின் வீட்டுக்குள் போனார். திரையில் அவர் வீட்டு வாசல் தெரிந்தது, களத்தில் காயப்போட்ட சோளம் தெரிந்தது, வாசலை ஒட்டிய ஆசாரத்தில் அவர் உட்காரும் கயிற்றுக் கட்டில் தெரிந்தது. முண்டராசா அந்தக் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டினார். வெள்ளியங்கிரி திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். சௌந்திரம் எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டுக்கு வந்த பெரிய மனிதருக்குக் காட்டும் மரியாதையோடு தலையைக் குனிந்திருந்தாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவருக்கு அவள் அப்படி எழுந்து நின்றதில்லை.

மறுநாள் காலையில் வெள்ளியங்கிரி ஆட்டுப்பட்டிக்குப் போனார். கருப்பண்ணன் குட்டிகளை அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தார்.

"என் ஊட்டுக்குள்ள எதுக்குடா வந்தே?"

"நானெங்கீங்க வந்தேன் சாமி? பட்டிய உட்டு நகுந்தா நரி தூக்கீட்டுப் போயிருமுங்க. நான் அந்தப் படத்தையே இன்னும் பாத்ததில்லீங்க."

"அப்பறம் என் தலை எப்படி வரவர வெரசா உழுகுது?"

"அதை என்னைக் கேட்டா?" கருப்பண்ணன் குட்டியைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நீங்கதானுங்க துளுக்குனீங்க. துளுக்காத கெடாய ஆருங்க வெட்டுவா?"

வெள்ளியங்கிரி வீடு வந்து சேரும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். அன்று மாலை முதல் ஆளாகப் போய்த் திரைக்கு நேர் முன்னால், மணலில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திரையில் குடம் வந்தது. கொட்டாய் "துளுக்கு, துளுக்கு" என்றது. தண்ணீர் விழும்போது வெள்ளியங்கிரி பல்லைக் கடித்து, முஷ்டியை இறுக்கி, ஒரு மயிர்க்கால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையிலிருந்த வெள்ளியங்கிரியும் அசையவில்லை. கத்தியை ஓங்கியவன் இறக்கினான். முறைப்படி இன்னொரு குடம் ஊற்றினார்கள். அசையவில்லை. பதிமூன்று ரீலும் ஓடி முடியும்வரை குடம் குடமாக ஊற்றிக்கொண்டேயிருந்தார்கள், திரை முழுக்க அவர் முகம் நனைந்துகொண்டேயிருந்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு படத்தைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தபோது தும்மல் மட்டும் நிற்கவில்லை.

முதல் நாள் ஜனம் சிரித்தது. இரண்டாம் நாள் திரைமேல் மண்ணை வாரிப் போட்டது. நாலாம் நாள் பாதிக் கொட்டாய் காலியாக இருந்தது. சௌந்திரம் இரண்டாம் நாளோடு நின்றுகொண்டாள். "ஒரு மனுசன் தண்ணி வாத்துக்கறதப் பாக்க அங்கெதுக்குங்க வாரது? இங்கதான் தெனமும் பாக்கறனே" என்று சொல்லி, அவருக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் ஏழு பேர். படப்பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவதென்றும், வேறு எந்த ஊருக்கும் இனி இது போகாதென்றும் கொட்டாய்க்காரர் முடிவு செய்தார். வெள்ளியங்கிரி அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். முழுப் படமும் அவருடையதாகிவிட்டது. பார்க்கத்தான் ஆளில்லை. பெட்டி போய்விட்டால் தலையும் போயிற்று, நாலு நிமிஷமும் போயிற்று.

பதினோராம் நாள், கடைசி ஆட்டம். ஆண்டி மெஷினைப் போட்டுவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டார். கொட்டாயில் வெள்ளியங்கிரியைத் தவிர யாருமில்லை. முதல் குடம் ஊற்றும் நேரத்துக்குக் கருப்பண்ணன் உள்ளே வந்து, துண்டை விரித்து, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார். பட்டியில் மகளைக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"நீ எதுக்கு வந்தே?"

"பெட்டிய அனுப்பறாங்கன்னு சொன்னாங்க. பத்து வருசமாச்சு, ஒருக்காவாவது என்னைய நானே பாத்துக்கலாமுன்னுதான் வந்தேனுங்க."

கடைசியாக மிஞ்சிய ஒரே ஆளும் முண்டத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். வெள்ளியங்கிரி முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். பல்லை இன்னும் இறுக்கிக்கொண்டார். உனக்கு அதை நான் காட்டமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். குடத்தின்மேல் குடமாக விழுந்துகொண்டிருந்தது. கருப்பண்ணன் வாயைத் திறந்தபடி திரையை அண்ணாந்து பார்த்தார். ஐந்தாறு குடம் வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மூஞ்சிங்க சாமி உங்குளுது" என்றார். "எட்டடிக்கு நிக்குது. மீசையில தண்ணி சொட்றதுகூடத் தெரியுதுங்க. எம்பட மூஞ்சி கூடைக்குள்ளதான கெடந்துச்சு. பிள்ளைகளத் தொடச் சொல்லிக் குடுக்கறாங்க, தொட்டுக் குடுக்கறேன். ஆனா, என் மூஞ்சி இப்படித்தான்னு ஒரு சனம் பாத்திருக்குமுங்களா? இதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறெரியுதுங்க."

வெள்ளியங்கிரி மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சொன்னே?"

"வயிறெரியுதுங்கன்னேன்."

"இன்னொருக்காச் சொல்லு."

கருப்பண்ணன் சொன்னார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் வெள்ளியங்கிரிக்கு ஒரு சிலிர்ப்பு ஓடியது. அடக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவேயில்லை. திரையில் ராஜா உடம்பை உதறினார், கத்தி இறங்கியது, தலை விழுந்தது. மீதிப் படம் முழுக்கக் கருப்பண்ணன், நடக்கும் முண்டத்தின் நெஞ்சுத் தகட்டிலிருந்த இரண்டு ஓட்டைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலை மறுபடி விழுந்ததென்று ஆண்டி போய்ச் சொன்னதால் பெட்டி அனுப்பப்படவில்லை. மாசி பிறந்ததும் ஜனம் திரும்பி வந்துவிட்டது. தலை அன்றிலிருந்து சரியாக இருபதாவது நிமிஷத்தில் விழுந்தது. முண்டராசா கோட்டைக்குள்ளேயே நடந்தார், கடலை எப்போதும்போல மழையைப் பொறுத்து விளைந்தது. ஒரே ஒரு வித்தியாசம், மண்ணில் உருண்டு நிற்கும் தலை இப்போது நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது. செவ்வாய்ப்பேட்டைக்குத் துணி எடுக்கப் போன யாரோ மயில்சாமியிடம் இதைக் கேட்டார்கள். சிரிக்கச் சொன்னதாக ஞாபகமில்லை, சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று அவர் கஜக்கோலை எடுத்து அளக்க ஆரம்பித்தார். அது முதலிலிருந்தே சிரித்துக்கொண்டுதான் இருந்தது, நாம்தான் முண்டத்தைப் பார்க்கிற அவசரத்தில் கவனிக்கவில்லை என்று மல்லசமுத்திரத்தில் சொல்லிக்கொள்கிறார்கள்.